கொதிகலன் அறைப் பலகையில் பெயர் மாறிய விவரமும், என் மகள் வின்னி மேல் தவறில்லை என்பதும்

அனுப்புநர்:
சா. சுந்தரராஜ்,
பாய்லர் ஆபரேட்டர்,
சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் அலுவலகம்,
கோலார்.

பொருள்: கனகவல்லி பழக்கூழ் நிறுவனத்தின் கணினிப் பதிவுகளில் பெயர்களை மாற்றியதாக என் மகள் செல்வி வின்னி மீது எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கை – தவறு செய்தவன் நானே – நடவடிக்கையைக் கைவிட்டு அவளை மறுபடி வேலையில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நிறுவனத்தின் அறிவிப்பு, நாள் 02-06-2025.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒரு மன்னிப்பு. தங்கள் கையில் இருப்பது நான் எழுதிய இரண்டாவது தாள். முதல் தாளில் அனுப்புநர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் பதவியை எழுதிவிட்டேன். அதைப் பார்த்து என் மனைவி ஐடா, "இந்தத் தப்பாலதான் வீட்டுல ஒரு பொண்ணு சாப்பிடாம உட்கார்ந்திருக்கா, மறுபடியுமா?" என்று கேட்டார். அந்தத் தப்பு என்ன, அது எப்படி ஒரு கம்பெனி முழுவதும் பரவியது என்பதைத்தான் இங்கே பணிவுடன் எழுதுகிறேன்.

இதன் கன்னட நகலையும் இணைத்துள்ளேன். எங்கள் லைன் வீட்டு வரிசையில் இருக்கும் வாணி டீச்சர் எழுதிக் கொடுத்தது. தாங்கள் தமிழும் வாசிப்பீர்கள் என்று ஆண்டர்சன்பேட்டையில் சொன்னார்கள். எனக்குக் கன்னடத்தில் சண்டை போட வரும், தெலுங்கில் பேரம் பேச வரும், தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் தமிழ்தான் வருகிறது.

1. எனக்கு வயது ஐம்பத்தைந்து. எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு முறை எழுதினேன். இரண்டாவது முறை பாஸ் ஆனதற்கு என்னைவிட என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே பங்கு அதிகம். மைன் மூடுவதற்கு முன் ஒன்பது வருஷம் கம்ப்ரசர் ரூமில் வேலை பார்த்தேன். இப்போது பதினான்கு வருஷமாகப் பங்காரப்பேட்டை ரோட்டில் உள்ள மேற்படி பழக்கூழ் நிறுவனத்தில் பாய்லர் ஆபரேட்டர். மாம்பழக் காலத்தில் மாம்பழத்துக்கும், மற்ற நாளில் தக்காளிக்கும் நீராவி கொடுப்பது எங்கள் வேலை. என் ஷிப்ட் முடிந்தால் என்னை விடுவிக்க வருபவர் நந்திதுர்க்கைச் சேர்ந்த திரு. சம்பங்கி. அவரும் என்னோடு கம்ப்ரசர் ரூமில் இருந்தவர்தான். இருபத்து மூன்று வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரம் தேறாது. அவர் உள்ளே வரும்போது நான் வெளியே போவேன், நான் உள்ளே வரும்போது அவர் வெளியே போவார், அவ்வளவுதான். ஆனால் அவருக்குத் தெரிந்த அளவு என்னை என் மனைவிக்கே தெரியாது. இது எப்படி என்றால், பலகை.

2. அந்தப் பலகையைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கம்ப்ரசர் ரூமில் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. ஷிப்ட் முடித்துப் போகிறவன் அதில் எழுதிவிட்டுப் போவான். மேலே பெயர், அதன் கீழே எந்த மெஷின், அதன் கீழே விஷயம். பெயர் என்றால் எழுதியவன் பெயர் அல்ல, ஐயா. அடுத்து வருகிறவன் பெயர். யார் எழுதியது என்று எழுத வேண்டிய அவசியமே கிடையாது, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். என் கையெழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும், சம்பங்கியுடையது பல்லக்கு போகிற மாதிரி இருக்கும். யாருக்கு என்று எழுதாவிட்டால்தான் ஆபத்து. ஒரு தடவை ஒருவன் பெயர் போடாமல் எழுதிவிட்டுப் போக, "எனக்கு எழுதியது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது" என்று மூன்று ஷிப்டில் மூன்று பேர் வேலையை அப்படியே விட்டுவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் ரூமில் அதுவே சட்டம். படித்து முடித்தவன் அடியில் ஒரு கோடு இழுப்பான். பார்த்தேன், இனி இது என் பொறுப்பு என்று அர்த்தம்.

மைன் மூடிப் பல வருஷம் கழித்தும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் பாய்லர் அறைக்குப் போனோம். அங்கே ஏழு ஆபரேட்டர்களில் ஐந்து பேர் எங்கள் ஊர். மற்ற இரண்டு பேரும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள்.

3. சென்ற டிசம்பரில் நிறுவனத்தில் 'அறிவு மேலாண்மை' என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். யார் யாருக்கு என்னென்ன தெரியுமோ அதையெல்லாம் ஒரு கணினிக்குள் போட்டுவைத்தால், எவர் லீவில் போனாலும், வேலையை விட்டே போனாலும், கணினியைக் கேட்டு வேலையை ஓட்டலாம் என்பது திட்டம். கணினிக்கு 'அறிவுத்துணை' என்று பெயர். பெங்களூர் அலுவலகத்தில் இதற்குத் தலைவர் திரு. ராகேஷ். நல்ல மனிதர், எங்கள் அறைக்குள் வரும்போது மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வார். அவருக்குக் கீழே பயிற்சி அலுவலராகச் சேர்ந்தவள்தான் என் மகள் வின்னி. பி.சி.ஏ. படித்தவள், வயது இருபத்து நான்கு. தகுதிகாண் காலம் ஆறு மாதம், இந்த ஜூன் முப்பதில் முடிகிறது. அப்பனும் மகளும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போவோம். முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான். நான் தூங்கி வாயைத் திறப்பேன், அது அவளுக்கு அவமானமாம்.

4. பிப்ரவரி மூன்றாம் தேதி வின்னி எங்கள் பாய்லர் அறைச் சுவரில், பழைய பலகையை இறக்கிவிட்டு, அதே ஆணியில் ஒரு டேப்லெட்டை மாட்டினாள். அதில் நான்கு கட்டம். பெயர். இயந்திரம். விஷயம். கடைசியில் கருத்து. ஐயா, தாங்களே சொல்லுங்கள், எங்கள் பலகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த டேப்லெட்டையே நாங்கள் பலகை என்றுதான் கூப்பிட ஆரம்பித்தோம். 'பெயர்' என்ற கட்டத்தில் நாங்கள் ஏழு பேரும், ஒருவர்கூட யோசிக்காமல், அடுத்து வருகிறவன் பெயரைப் போட்டோம். கணினி அதை எழுதியவன் பெயர் என்று எடுத்துக்கொண்டது. மற்ற பிரிவுகளில் எல்லோரும் சரியாகத்தான் போட்டார்கள். பாய்லர் அறையில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்பும் தலைகீழ்.

ஆளுக்கு ஒரு கடவுச்சொல் வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் கடவுச்சொல் வேண்டாம் என்று மேலே வாதாடியவள் வின்னி. எங்கள் கை எப்போதும் கரியாக இருக்கும், பத்து எழுத்தை அழுத்துவதற்குள் கண்ணாடி கறுத்துவிடும் என்றாளாம். எங்கள் கையை நினைத்து அவள் செய்ததும் இப்போது அவள் குற்றப் பட்டியலில் நான்காவதாக இருக்கிறது.

5. இந்தக் குழப்பத்தால் என்ன ஆயிற்று என்று சொன்னால் தங்களுக்குச் சிரிப்பு வரும், சிரிக்கலாம். என் பெயரில் எண்பத்தேழு குறிப்பு சேர்ந்தது. அவை நான் எழுதியவை அல்ல, சம்பங்கி எனக்கு எழுதியவை. அதாவது எனக்குத் தெரியாத விஷயங்கள் எண்பத்தேழு. நான் சம்பங்கிக்கு எழுதியவை பத்தொன்பது. அதிலும் ஏழு, டீத்தூள் தீர்ந்துபோனது பற்றி. கணினி இரண்டையும் எண்ணிப் பார்த்து, இந்த நிறுவனத்தில் பம்ப், பாய்லர் பற்றி மிக அதிகம் தெரிந்தவர் சுந்தரராஜ் என்று முடிவு செய்துவிட்டது.

குறிப்பைப் படித்தாலே யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்குமே என்று தாங்கள் கேட்கலாம். தெரிந்திருக்கும். ஆனால் கணினி எங்கள் எழுத்தை அப்படியே காட்டுவதில்லை, துவைத்து இஸ்திரி போட்டுத்தான் காட்டும். உதாரணத்துக்கு, சம்பங்கி எழுதியது: "நீ மட்டும் அந்த வால்வைத் தொடாத, உனக்குக் கை பலமா வரும், போன தடவை கைப்பிடியே கையோட வந்துச்சு." கணினி காட்டுவது: "வால்வை அதிக விசையுடன் இயக்கக் கூடாது." துவைக்கும்போது முதலில் போனது 'நீ' என்ற சொல். அது போனதும் யார் அறிவாளி, யார் கைப்பிடியை உடைத்தவன் என்று எவருக்கும் தெரியாமல் போயிற்று.

இன்னும் பதினொரு குறிப்பைக் கணினி 'பணி தொடர்பற்றது' என்று ஒதுக்கி மறைத்துவிட்டது. அவற்றில் ஒன்றை மட்டும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். மார்ச் பதினான்கு: "கண்ணாடி கொண்டாந்தியா? இல்லன்னா என் பழைய கண்ணாடி டிராயர்ல இருக்கு. உனக்கும் எனக்கும் ஒரே பவர்தான்." ஐயா, பாய்லரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் உயிர். அதைக் கண் தெரியாதவன் எப்படிப் பார்ப்பான்? இது பணி தொடர்பற்றதா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

6. மே ஒன்றாம் தேதி, தொழிலாளர் தினத்தில், நிறுவனத்தில் விழா. 'அறிவுச் செம்மல்' என்று ஒரு விருதுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் திரு. மனோகர் எனக்குச் சால்வை போர்த்தினார். பதினான்கு வருஷம் ஒழுங்காக வேலைக்கு வந்ததற்காக என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். கீழே உட்கார்ந்திருந்த சம்பங்கிதான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவர். "இன்னாப்பா செம்மல், நம்ம ரூமுக்கு ஒரு சால்வை வந்துச்சே" என்றார். அவருக்குப் பொறாமை என்பதே தெரியாது, அப்படிப் பொறாமைப்படாமல் இருப்பதும் எனக்குத் தெரியாத எண்பத்தேழில் ஒன்றாக இருக்கலாம். அடுத்த ஞாயிறு அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். மே மாத வெயிலில். வின்னி பக்கத்தில் நடந்து வந்தாள். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருகிறவள், அன்று என் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

7. மே இருபத்திரண்டு அன்று எனக்கு வார விடுமுறை. சம்பங்கி குடியாத்தத்தில் உறவுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாம்பழ லாரிகள் வரிசையில் நிற்க, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் தண்ணீர் தூக்கவில்லை. டியூட்டியில் இருந்த மஞ்சுநாத் எங்களுக்குப் பிறகு எட்டாவது ஆளாக வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் முறைப்படி தீயைக் குறைத்துவிட்டார், ஆபத்து ஒன்றும் இல்லை. பிறகு அறிவுத்துணையைக் கேட்டார்கள். அது, "தொடர்புகொள்ள வேண்டியவர்: சுந்தரராஜ்" என்றது.

ஜீப் வீட்டு வாசலுக்கே வந்தது. எங்கள் லைனில் ஜீப் வந்தால் யாரையோ பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். நான் பாய்லர் அறைக்குப் போய் பம்ப் முன்னால் நின்றேன். காதை வைத்துக் கேட்டேன். தட்டினேன். மறுபடி தட்டினேன். சுற்றிலும் பதினைந்து பேர், மேனேஜர் உட்பட. "சார், இதுக்கு சம்பங்கியைத்தான் கேட்கணும், எனக்குத் தெரியாது" என்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேனேஜர் என் தோளைத் தட்டினார். ஒன்றரை மணி நேரம் இப்படி நாங்கள் ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் சம்பங்கி போனில் கிடைத்தார். பின்னால் நாதஸ்வரம். போனைப் பம்ப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம் வருதா? தொட்டித் தண்ணி சூடாயிருக்கு. தட்டுறதை நிறுத்து மொதல்ல. ஈரச் சாக்கைப் போர்த்தி, தொட்டிக்குப் பச்சத் தண்ணி விடு. பத்து நிமிஷத்துல இளையவ வழிக்கு வருவா. இதை நான் உனக்கு மார்ச்சுலயே எழுதி வெச்சேனே, படிக்கலையா நீ?" என்றார். பத்து நிமிஷத்தில் வழிக்கு வந்தது. இரண்டு பம்புகளை நாங்கள் மூத்தவள், இளையவள் என்று சொல்வது வழக்கம். கணினிக்கு இளையவள் என்றால் பம்ப் என்று தெரியாததால் அந்தக் குறிப்பை அது எடுத்துக் கொடுக்கவில்லை. என்னைத்தான் எடுத்துக் கொடுத்தது.

அந்தக் குறிப்பின் அடியில், கருத்துக் கட்டத்தில், நான் கோடு போட்டிருந்தேன், ஐயா. பார்த்தேன் என்று. படித்தேனா என்பது வேறு விஷயம். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

8. வின்னி அப்போது அங்கேதான் நின்றிருந்தாள். சம்பங்கி "எழுதி வெச்சேனே" என்றதும் டேப்லெட்டில் சம்பங்கியின் பெயரில் தேடினாள். இல்லை. என் பெயரில் தேடினாள். இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் பம்ப் ஓடிவிட்ட சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

மறுநாள் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஷிப்ட் பதிவேட்டை வைத்துக்கொண்டு, எந்தக் குறிப்பு எழுதப்பட்ட நேரத்தில் யார் டியூட்டியில் இருந்தார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர்களைத் திருத்தினாள். பதிவேட்டோடு நானும் சம்பங்கியும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம், ஒன்றுகூடத் தப்பில்லை. என் பெயரில் எண்பத்தேழு இருந்தது பத்தொன்பது ஆயிற்று. வேலை முடித்து, "பாய்லர் அறைக் குறிப்புகளில் பெயர்கள் திருத்தப்பட்டன. தவறு என்னுடையது" என்று மட்டும் திரு. ராகேஷுக்கு எழுதி அனுப்பினாள். என்ன தவறு, ஏன் தவறு என்று எழுதவில்லை.

நிறுவனம் இதை எப்படிப் பார்த்தது என்பதும் நியாயமாகவே இருக்கிறது. மகள் கணினியில் வேலை செய்கிறாள். அப்பன் பெயரில் குறிப்புகள் குவிந்தன. அப்பனுக்கு விருது. பம்ப் நின்ற அன்று அப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊருக்கே தெரிந்தது. மறுநாளே மகள் பெயர்களை மாற்றிவிட்டாள். நானே மேனேஜராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஜூன் இரண்டில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணையில் ஏன் மாற்றினாய் என்று கேட்டபோதும், "தவறு என்னுடையது" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை. முப்பதாம் தேதிக்குள் அவளை நீக்கி உத்தரவு வரும் என்று தெரிகிறது. பதிவைத் திருத்தியவள் என்று எழுதி அனுப்பிவிட்டால், அதன்பிறகு எந்தக் கம்பெனி அவளை ஒரு கணினி முன்னால் உட்காரவைக்கும்?

9. வீட்டில் அவள் லீவு என்றுதான் சொன்னாள். பதிவுத் தபாலில் கனமான உறை வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். இங்கிலீஷ் அறிவிப்பை அகராதி வைத்துப் படித்தேன். இரண்டாவது பத்தியில், அப்பனுக்காகப் பெயர்களை மாற்றினாள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன், அகராதியைத் திரும்பப் பார்த்தேன், அது சரியாகத்தான் சொன்னது. அவளைக் கேட்டால், "விடுங்க டாடி, இது கம்ப்யூட்டர் விஷயம், உங்களுக்கு வேணாம்" என்றாள். உறையில் இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்பின் அச்சுப் பிரதியும் இருந்தது, அசல் எழுத்தோடு, மாற்றுவதற்கு முன்னிருந்த பெயரும் மாற்றிய பெயருமாக. அதைத் தூக்கிக்கொண்டு நந்திதுர்க்குக்குப் போனேன். சம்பங்கியின் மனைவி வெங்கடம்மா காபி வைத்துக் கொடுத்தார். சம்பங்கி முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "டேய் சுந்தரு, இது நான் எழுதினது. உன் பேரு ஏன் இருக்கு தெரியுமா? நீதான் படிக்கணும்னு நான் போட்டது" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து வின்னியிடம், இவ்வளவுதானே விஷயம், இதைச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சொன்னா, அந்தச் சால்வையை இன்னா பண்ணுவீங்க டாடி?" என்றாள்.

நான் போய்ச் சால்வையை எடுத்து மடித்தேன்.

10. அப்பன் மகளுக்காகப் பேசுகிறான், அவன் பேச்சு சாட்சியாகாது என்று நிறுவனம் சொல்லலாம். ஆகவே என் பேச்சை விட்டுவிடுங்கள். அச்சுப் பிரதியில் குறிப்பு எண் ஒன்றைப் பாருங்கள். இணைப்பாக வைத்துள்ளேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை வின்னி டேப்லெட்டை மாட்டிவிட்டு, "எதையாவது எழுதிப் பாருங்க டாடி" என்று சொல்லிவிட்டு மேலே கூட்டத்துக்கு ஓடினாள். நான் எழுதிப் பார்த்தேன். அதுதான் முதல் குறிப்பு. அதை அப்படியே தருகிறேன்.

பெயர்: வின்னி.
இயந்திரம்: டிபன் பாக்ஸ்.
விஷயம்: பாப்பா, மேஜை மேலயே மறந்துட்டு மொதல் பஸ்ஸுல வந்துட்ட. நான் எடுத்தாந்து கேட்டுல குடுத்து வெச்சிருக்கேன். ஆறிப்போகும், சீக்கிரம் சாப்பிடு. கறிவேப்பிலையைப் பொறுக்கிட்டேன்.

கணினி இதை வின்னி எழுதியதாகப் பதிந்து, பணி தொடர்பற்றது என்று மறைத்துவிட்டது. ஆனால் எந்தக் குறிப்பு எந்த டேப்லெட்டில் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பதையும் அது பதிகிறது. பாய்லர் அறை, காலை பத்து இருபது. அந்த நேரத்தில் வின்னி மாடியில் திரு. மனோகர், திரு. ராகேஷ் இருவர் எதிரிலும் நின்று, இந்தக் கணினியைப் பற்றித்தான் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த இருவருமே சாட்சி. அப்படியிருக்க, கீழே பாய்லர் அறையில் நின்று தன் டிபன் பாக்ஸைப் பற்றித் தனக்குத் தானே அவள் எழுதியிருக்க முடியுமா? கறிவேப்பிலையைப் பொறுக்கியவன் நான். பெயர்க் கட்டத்தில் படிக்க வேண்டியவர் பெயரைப் போட்டவனும் நான். நான் ஒன்றாம் குறிப்பில் செய்ததைத்தான் எங்கள் ஏழு பேரும் மற்ற குறிப்புகளில் செய்திருக்கிறோம். இதற்கு மற்ற ஆறு பேரின் கையெழுத்திட்ட கடிதமும் இணைத்துள்ளேன். அதில் பெயர்களைச் சரியான இடத்தில் போடவைக்க ஒரு மத்தியானம் ஆயிற்று.

இன்னும் ஒரு விஷயம் அந்தத் தாளில் இருக்கிறது. இருநூற்றுப் பதினொரு குறிப்பையும் திருத்தியவள் இந்த ஒன்றை மட்டும் திருத்தவில்லை. அழிக்கவும் இல்லை. எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருக்கிறது. அதன் அடியில், கருத்து என்ற கட்டத்தில், வரிசையாகச் சிறு கோடுகள், ஒரு முழு வரி. மே இருபத்து மூன்று, மாலை ஏழு பத்து. அன்றைய வேலையில் கடைசியாக அவள் செய்தது அது. அவளுக்கு எங்கள் பலகையின் முறை அதற்கு முந்தைய நாள்தான் தெரியவந்தது.

பொய்க்கணக்கு எழுதுகிறவர்கள் இப்படிக் கோடு போடமாட்டார்கள், ஐயா.

11. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

தவறு என்னுடையது. இந்த வாக்கியத்தை வின்னி இரண்டு முறை சொல்லியிருக்கிறாள், இரண்டு முறையும் அது அவளுடையது அல்ல. நிறுவனத்தை அழைத்து விசாரித்து, முப்பதாம் தேதிக்கு முன் அவள் மேல் உள்ள குற்றச்சாட்டை நீக்கி, அவளை மறுபடி அவள் மேஜையில் உட்காரவைக்க வேண்டும். தண்டனை என்று ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் எனக்குக் கொடுக்கலாம்.

அறிவுத்துணையை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. சம்பங்கி கல்யாணத்துக்குப் போகிற நாளில் அது தேவைதான். ஆனால் அந்தக் கட்டங்களில் சொன்னவர் பெயருக்கு ஒரு கட்டமும், யாருக்குச் சொன்னது என்பதற்கு ஒரு கட்டமும் இருக்க வேண்டும். சம்பங்கி எனக்கு எழுதியது ஊருக்கு எழுதியது அல்ல. கைப்பிடி உடைக்கிறவனுக்கு, கண்ணாடி மறக்கிறவனுக்கு என்று பார்த்துப் பார்த்து எழுதியது. நாளை என் இடத்துக்கு மஞ்சுநாத் வந்தால் அவருக்கு அவர் வேறு மாதிரி எழுதுவார். துவைப்பதானால் துவைக்கட்டும், 'நீ' என்ற சொல்லை மட்டும் விட்டுவைக்கச் சொல்லவும். இதை எப்படிச் செய்வது என்று வின்னிக்குத் தெரியும். அவளை வேலைக்கு எடுத்தால் கேட்டுக்கொள்ளலாம்.

சால்வையை இத்துடன் இணைத்துள்ளேன். அதைத் திரு. சம்பங்கியிடம் சேர்ப்பிக்க நிறுவனத்துக்குச் சொல்லவும். நான் நேரில் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார், "நம்ம ரூம் சால்வைதானே, உன்கிட்டயே இருக்கட்டும்" என்பார். அதனால்தான் அரசாங்கத்தின் வழியாகக் கொடுக்கிறேன்.

இந்த மனு எழுதுவது வின்னிக்குத் தெரியாது. தெரிந்ததும் "இன்னா டாடி பண்ணி வெச்சிருக்கீங்க" என்று கத்துவாள். கத்தட்டும். இந்த இரண்டு வாரமாக வீட்டில் சத்தமே இல்லை.

இது தங்கள் பெயருக்கு எழுதியது. அதனால்தான் முதல் தாளில் தங்கள் பெயர் தானாகவே மேலே போய் உட்கார்ந்துகொண்டது. வாசித்து முடித்ததும் கீழே ஒரு கோடு போட்டால் போதும், எனக்குத் தகவல்கூட அனுப்ப வேண்டாம். நான் போட்ட கோடு மாதிரி இல்லாமல், படித்துவிட்டுப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சாம்பியன் ரீப்ஸ்
நாள்: 16-06-2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சா. சுந்தரராஜ்
(எழுதியவன் பெயர்தான், சரிபார்த்துவிட்டேன்)

இணைப்பு:
1. நிறுவனத்தின் அறிவிப்பு, நகல்.
2. குறிப்பு எண் ஒன்று, அச்சுப் பிரதி. (பார்த்தபின் அசலைத் திருப்பித் தர வேண்டுகிறேன். என் மனைவி கேட்கிறார்.)
3. ஷிப்ட் பதிவேட்டின் நகல்.
4. ஆபரேட்டர்கள் ஆறு பேரின் கடிதம்.
5. கன்னட நகல்.
6. சால்வை ஒன்று. விழாவுக்குப் பிறகு ஒரே ஒரு முறை போர்த்தியது.

கோடு போட இங்கே இடம் விட்டிருக்கிறேன்: